காய்ச்சல் நாளில் விடுப்பு எடுப்பது யார்?

கேள்வி இது: "நான் வங்கியில் வேலை செய்கிறேன். கணவர் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். ஏழு வயதில் ஒரு மகள். வருமானத்துக்குக் குறைவில்லை, பெரிய சண்டையும் இல்லை, அவர் வீட்டு வேலைகளில் உதவவும் செய்கிறார். ஆனாலும் வீட்டில் ஒரு நிறைவு இல்லை. எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது. இருவரும் வேலைக்குப் போவதுதான் காரணமா? நான் வேலையை விட்டுவிட்டால் சரியாகுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டு வேலையை விடாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். மற்றதற்குப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோவையில் ஒரு கல்லூரியில் 26 ஆண்டுகள் சமூகப்பணித் துறையில் பாடம் நடத்தியவள் நான். சுருக்கமாகப் பேசும் வழக்கம் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டது.

வேலை நேரம் கூடக்கூட வீட்டில் நிறைவு குறையும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஓரளவு உண்மைதான். ஆனால் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெளியே கழிக்கும் தம்பதியர் இணக்கமாக வாழ்வதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து மணிக்குள் வீடு திரும்பிவிடும் ஆசிரியத் தம்பதியர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் மணிக்கணக்கைக் கேட்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். வேறொன்று கேட்பேன்: கடைசியாகக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது யார் விடுப்பு எடுத்தீர்கள்? பேசி முடிவு செய்தீர்களா, அல்லது பேச்சே இல்லாமல் ஒருவர் கைபேசியை எடுத்து அலுவலகத்துக்குத் தகவல் சொன்னீர்களா?

இந்தக் கேள்வியை எந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்தும் நான் எடுக்கவில்லை. என் மகன் ஒன்றாம் வகுப்பில் படித்த ஆண்டு, ஆகஸ்ட் முடிவதற்குள் என் தற்செயல் விடுப்பு முழுவதும் தீர்ந்துவிட்டது. துறைத் தலைவர் அழைத்துக் கொஞ்சம் கிண்டலாகவே விசாரித்தார். வீட்டுக்கு வந்து கணவரிடம் அவருடைய விடுப்புக் கணக்கைக் கேட்டேன். ஒரு நாள்கூட எடுக்கவில்லை என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரவில் எழுந்து பையனுக்கு மருந்து ஊற்றியவர் அவர்தான். ஆனால் "நாளைக்கு யார் லீவு?" என்ற கேள்வியை அந்த எட்டு மாதமும் அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

இனி ஆய்வாளர்கள் சொல்வதைப் பார்ப்போம். வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான மோதலை 1985ல் ஜெஃப்ரி கிரீன்ஹாஸ், நிக்கோலஸ் பியூட்டல் என்ற இருவர் மூன்றாகப் பிரித்தார்கள். இன்றுவரை பாடத்திட்டங்களில் இருக்கும் பிரிவு அது. நேரத்தால் வருவது ஒன்று: ஒரே நேரத்தில் கிளையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் இருக்க முடியாது. நடத்தையால் வருவது இன்னொன்று: அலுவலகத்துக்குப் பொருந்தும் குணம் வீட்டுக்குப் பொருந்தாது. காவல் ஆய்வாளராக இருக்கும் அப்பா, மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மகனிடம் விசாரணை நடத்துவாரே, அது. மூன்றாவது, களைப்பாலும் மன அழுத்தத்தாலும் வருவது. உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது இந்த மூன்றாவதுதான். ஆகையால் இதில் கொஞ்சம் நிற்போம்.

அமெரிக்க உளவியலாளர் ரீனா ரெப்பெட்டி 1989ல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களையும் அவர்களுடைய மனைவியரையும் வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். வானில் நெரிசல் மிகுந்த நாளில் வேலை முடித்து வந்த கணவர்கள், அன்று மாலை சண்டை போடுவதைவிட ஒதுங்கிப்போவதே அதிகமாக இருந்தது. பேச்சு குறைந்தது, கோபமும் குறைவாகவே வெளிப்பட்டது. மனைவி ஆதரவாக இருந்த வீடுகளில் இந்த ஒதுக்கம் தெளிவாகத் தெரிந்தது. ஏனென்றால், ஒதுங்குவதற்கு இன்னொருவர் இடம் கொடுக்க வேண்டும். அடுப்பையும் பிள்ளைகளையும் அந்த நேரத்தில் யாரோ பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு அரை மணி நேரம் அமைதி கிடைத்தால், அந்த அரை மணி நேரத்தை இன்னொருவர் தன் கணக்கிலிருந்து கொடுத்திருக்கிறார்.

இருவருமே களைத்து வரும் வீட்டில் அந்த அரை மணி நேரத்தை யார் யாருக்குக் கொடுப்பது? இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் இருவரும் சம்பாதிக்கும் 30 குடும்பங்களின் மாலைப் பொழுதை, டார்பி சாக்ஸ்பியும் ரெப்பெட்டியும் இன்னொருவரும் சேர்ந்து ஆராய்ந்து 2011ல் எழுதினார்கள். மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மாலையில் எவ்வளவு இறங்குகிறது என்று உமிழ்நீரில் அளந்தார்கள். கணவர் வீட்டு வேலையில் கூடுதல் நேரம் செலவிட்ட வீடுகளில் மனைவியின் கார்ட்டிசால் நன்றாக இறங்கியது. எதிர்பார்த்ததுதான். கணவரின் கார்ட்டிசால் நன்றாக இறங்கியது எப்போது தெரியுமா? அவருக்கு ஓய்வு அதிகமாகவும் மனைவிக்கு ஓய்வு குறைவாகவும் இருந்த வீடுகளில். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். மாணவர்கள் ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். முப்பது வீடுகளை வைத்து உலகத்தையே எடைபோட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இருவருடைய உடம்பும் ஒன்றின் நிம்மதியை இன்னொன்றின் செலவில் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதை எனக்குத் தெரிந்து இவ்வளவு பச்சையாக வேறு யாரும் காட்டவில்லை.

ஒருவரின் அலுவலக அழுத்தம் அவரோடு நிற்காமல் துணையையும் தொற்றிக்கொள்வதை இஸ்ரேலிய ஆய்வாளர் மினா வெஸ்ட்மன் நீண்ட காலம் ஆராய்ந்தார். உங்கள் கணவரின் திட்டத்துக்குக் கெடு நெருங்கும் வாரத்தில் உங்களுக்குத் தலைவலி வருவதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. இதிலும் மென்பொருள் துறைக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. வங்கிக் கதவை மூடினால் பெரும்பாலும் வேலை உள்ளேயே தங்கிவிடும். அவருடைய வேலையோ மடிக்கணினியில் கூடவே வருகிறது. அமெரிக்கா விழிக்கும் நேரத்தில் இங்கே இரவுச் சாப்பாடு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று குழந்தைக்கே குழப்பம். வெளியே இருப்பவரைப் பிள்ளை எதிர்பார்த்துக் காத்திருக்கும். உள்ளேயே இருந்துகொண்டு இல்லாதவரிடம் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உங்களிடம்தான் வரும்.

கணக்குக்கு வருவோம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024ல் மீண்டும் எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்தது. சலுகையை மட்டும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்! இதில் கவனிக்க வேண்டியது, இந்த 88 நிமிடமும் 97 நிமிடமும் எல்லா ஆண்களின் சராசரி அல்ல என்பது. அன்றைக்கு ஏதாவது வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே. 2019ல் அப்படிச் செய்த ஆண்கள் நான்கில் ஒருவர்தான். பெண்களில் ஐந்தில் நால்வர். வேலைக்குப் போகாத பெண்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதால் இதை அப்படியே உங்கள் வீட்டின் மேல் ஒட்டிப் பார்க்கக் கூடாது. ஆனால் உங்கள் கணவர் வளர்ந்த வீடு எதுவாக இருந்திருக்கும் என்பதை இது சொல்லும்.

"உதவுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசிவிட்டார்கள், நான் அதை நீட்டப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். குளிர்பெட்டியில் இட்லி மாவு இன்றோடு தீர்கிறது என்பது உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? அரிசியை ஊறப்போடச் சொன்னால் அவர் போட்டுவிடுவார், மறுக்க மாட்டார். ஊறப்போட வேண்டும் என்று பகல் இரண்டு மணிக்கு, பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது யாருக்கு நினைவு வருகிறது என்பதுதான் கேள்வி. வேன் கட்டணத்துக்குக் கடைசி நாள், வெள்ளிக்கிழமை வெள்ளைச் சீருடை, வேலைக்கு வரும் அக்கா ஊருக்குப் போகிற தேதி, நாத்தனார் மகள் சடங்குக்கு எடுக்க வேண்டிய சீர். இவை எதுவும் புள்ளியியல் அலுவலகத்தின் நிமிடக் கணக்கில் ஏறுவதில்லை. எதற்கெடுத்தாலும் வருகிறது என்றீர்களே அந்த எரிச்சல், அது பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பும் என்பது என் அனுபவம்.

சம்பளம் சமமானால் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஓரளவு சரியாகும். பிறகு ஒரு விசித்திரம் நடக்கும். மைக்கேல் பிட்மனும் அவருடைய குழுவினரும் 2003ல் ஆஸ்திரேலியத் தரவுகளை ஆராய்ந்தபோது, மனைவியின் வருமானப் பங்கு கூடக்கூட அவர் செய்யும் வீட்டு வேலை குறைந்துகொண்டு வந்தது. இருவர் வருமானமும் சமமாகும் இடம்வரை. மனைவி கணவரைவிட அதிகமாகச் சம்பாதிக்கத் தொடங்கியதும் மனைவியின் வீட்டு வேலை மறுபடி ஏறியது. பொருளாதாரப் பாடத்துக்கு இது புரியாது. நம் ஊர்ப் பெண்களுக்கு உடனே புரியும். பதவி உயர்வு வந்த வாரத்தில், யாரும் கேட்காமலேயே, வழக்கத்தைவிட இரண்டு கறி கூடுதலாகச் சமைத்த ஒரு துணைப் பதிவாளரை எனக்குத் தெரியும்.

சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும், பதவி உயர்வையே வேண்டாம் என்பவர்கள் எத்தனை பேர்! உங்கள் கிளையிலேயே சுற்றிப் பாருங்கள். அதிகாரியானால் வெளியூர் மாற்றம் வரும் என்பதற்காகத் தேர்வே எழுதாமல் எழுத்தராகவே இருந்துவிட்ட பெண்கள் கண்ணில் படுவார்கள். கணவன், மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால் கூடியவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று மத்திய அரசு 2009ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல விஷயம். இருவரில் ஒருவர் தனியார் நிறுவனத்தில் இருந்தால் அந்தக் கைவிளக்கும் இல்லை.

இப்போது நான் முதலில் சொன்ன பன்னிரண்டு மணி நேரத் தம்பதியரிடம் வருகிறேன். கோவையிலிருந்து திருப்பூர் ஒரு மணி நேரப் பயணம். மாணவர்களைக் களப்பணிக்கு அங்கேதான் அனுப்புவேன், நானும் போவேன். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நால்வர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும் கூட்டம் பனியன் கம்பெனிகளில். அங்கே நாளை மணியால் அளப்பதில்லை, ஷிப்டால் அளப்பார்கள். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட்: காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. சனிக்கிழமை சம்பளம். கணவர் தையல் மெஷினில், மனைவி செக்கிங்கில், பெரும்பாலும் ஒரே கம்பெனியில். அவர்கள் வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வாடகை, வட்டி, சில வீடுகளில் குடி எல்லாம் உண்டு. ஆனால் நான் பழகிய வீடுகளில் ஒன்றைக் கவனித்தேன். "உனக்கென்ன தெரியும் என் வேலையைப் பற்றி" என்ற வசனம் அங்கே எழுவதே இல்லை. இன்றைக்கு எத்தனை பீஸ் திரும்பி வந்தது, மேஸ்திரி யாரைத் திட்டினார் என்பது இருவருக்கும் தெரியும். ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புகிறார்கள். ஒன்பது மணிக்குக் கதவைத் திறக்கும்போது களைப்பு இருவருக்கும் ஒன்று என்பதற்குச் சாட்சி தேவையில்லை. ஒருவர் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர் அடுப்பைப் பற்றவைப்பார். ஒரு நாள் விடுப்பென்றால் இருவருக்குமே கூலி போகும். அதனால் காய்ச்சல் நாளில் பேசியே ஆக வேண்டும்: இந்த வாரம் யாருடைய கூலி கூடுதல், யாரை மேஸ்திரி விடுவார்? பத்தாம் வகுப்பைத் தாண்டாத தம்பதியர் ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்கும் அந்தப் பேச்சை, முதுகலை படித்த நானும் என் கணவரும் எட்டு மாதம் பேசவில்லை.

எதிர்ப்பக்கத்தில் சுழற்சி முறை இரவு வேலை. செவிலியர், காவலர், அழைப்பு மையங்களில் இருப்பவர்கள் வீட்டில் ஒருவர் உள்ளே வர இன்னொருவர் வெளியே போவார். குழந்தைக்கு எப்போதும் ஒருவர் கிடைப்பார், தம்பதியருக்குத்தான் ஒருவருக்கொருவர் கிடைக்க மாட்டார்கள். உங்கள் வீட்டுக்கு இது பொருந்தாது என்பதால் கடந்துபோகிறேன்.

நம் ஊரில் இந்தத் தலைப்பைப் பேசும்போது ஒருவரை மறந்துவிடுவார்கள்: பாட்டி. இருவர் சம்பாதிக்கும் வீடு என்று நாம் சொல்பவற்றில் பல, உண்மையில் மூவர் உழைக்கும் வீடுகள். மூன்றாமவருக்குச் சம்பளம் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. அறுபது வயதில் மகளுக்காகவோ மகனுக்காகவோ ஊரை விட்டு வந்து, பேச்சுத் துணை இல்லாத அடுக்குமாடியின் ஏழாவது தளத்தில் பள்ளி வேனுக்காகக் காத்திருக்கும் அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். தம்பதியரின் நிறைவு அவர் முழங்காலை நம்பி நிற்கிறது. உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதவில்லை. இருந்தால், அவரையும் கேளுங்கள்.

அரசு செய்வது எதுவும் பயன்படாது என்று சொல்ல மாட்டேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தை எல்லாரும் குழந்தைகளின் சத்துணவாக மட்டும் பார்க்கிறார்கள். காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் ஒரு தாயிடம் கேளுங்கள், அது வேறு கணக்கு என்பார். மறுபக்கம், சட்டமே சில இடங்களில் யாருடைய வேலை வளைய வேண்டும் என்று தீர்மானித்துவிடுகிறது. 2017ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. காப்பகத்துக்கு நாளுக்கு நான்கு முறை போய்வர அனுமதி யாருக்கு? பெண் ஊழியருக்கு. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு தருகிறது. மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள். தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் தந்தைக்கு அவ்வளவுகூடக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. தாய்க்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, அவள் உடம்பு ஆற வேண்டும். ஆனால் அந்த மாதங்களில் பிள்ளையைக் குளிப்பாட்டவும், அழுகையைப் பிரித்தறியவும் ஒருவர்தான் கற்றுக்கொள்கிறார். தெரிந்தவரிடமே வேலை போய்ச் சேரும். ஏழு ஆண்டு கழித்துக் காய்ச்சல் வரும்போதும் அந்தப் பழக்கம்தான் கைபேசியை எடுக்க வைக்கிறது.

இனி, வேலையை ஏன் விட வேண்டாம் என்கிறேன் என்பது. விட்டால் எரிச்சல் சில மாதம் குறையும். அதன் பிறகு, இப்போது அவர் செய்யும் கொஞ்சமும் நின்றுவிடும். "நீதான் வீட்டில் இருக்கிறாயே" என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுகூட இல்லை, நீங்களே சொல்லிக்கொள்வீர்கள். வேலை வீட்டிலிருந்து எடுத்துக்கொள்வதோடு நிற்பதில்லை, கொடுக்கவும் செய்கிறது என்று கிரீன்ஹாஸே 2006ல் கேரி பவலோடு சேர்ந்து எழுதினார். வாடிக்கையாளரைப் பேசிச் சமாளிக்கும் பொறுமை, தன் பெயரில் ஒரு கணக்கு, மதியச் சாப்பாட்டில் நான்கு தோழிகள்: இவை உங்கள் மகளுக்கும் வந்து சேர்பவை. உடல்நிலை, வயதான பெற்றோர் என்று வேறு காரணம் இருந்து நீங்களே விரும்பி விட்டால் அது வேறு. எரிச்சலுக்கு மருந்தாக விடாதீர்கள்.

செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். வீட்டு வேலைகளைப் பட்டியல் போட்டுப் பாதிப்பாதியாகப் பிரிக்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலைப் போடுவதும் நினைவூட்டுவதும் மறுபடி உங்கள் தலையில்தான் வந்து விழும். அதற்குப் பதிலாக ஒரு துறையை முழுதாகக் கைமாற்றுங்கள். மகளின் பள்ளி என்றால் முழுப் பள்ளி: கட்டணம், சீருடை, ஆசிரியர் சந்திப்பு, வேன் ஓட்டுநரின் எண், தடுப்பூசிச் சான்று எல்லாம். முதல் மாதம் அவர் ஒன்றிரண்டைத் தவறவிடுவார். வெள்ளிக்கிழமை மகள் நீலச் சீருடையில் போவாள். வாயைத் திறக்காதீர்கள். இது சொல்வதற்கு எளிது, எனக்கு மிகக் கடினமாக இருந்தது. என் கணவர் மறந்துபோன ஒரு கட்டணத்தை நானே ஓடிப்போய்க் கட்டிவிட்டு, பிறகு அவரிடமே அதற்குச் சண்டையும் போட்டேன். பிடுங்கிக்கொண்டவள் நான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மாலை வீடு திரும்பியதும் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தையும் முறை வைத்துக்கொள்ளுங்கள். இன்று அவருக்கு, நாளை உங்களுக்கு. லாஸ் ஏஞ்சலஸ் மனைவியரின் உடம்பு கேட்டது அதைத்தான். கெடு நெருங்கும் வாரங்களில் அவரே எடுத்துக்கொள்ளட்டும். மார்ச் கடைசியில், உங்கள் ஆண்டுக் கணக்கு முடிப்பில், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் நாளுக்கான பேச்சை யாருக்கும் காய்ச்சல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்வது நல்லது. இருவருடைய விடுப்புக் கணக்கையும் எடுத்து வைத்துப் பேசுங்கள். அதற்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் மகளுக்குப் பள்ளியில் உடம்பு சரியில்லாமல் போனால், அலுவலகத்தார் பதிவேட்டைப் புரட்டி முதலில் இருக்கும் எண்ணை அழைப்பார்கள். அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்க முடிகிறது. திங்கட்கிழமை மகளைப் பள்ளியில் விடும்போது, அந்த எண்ணை மாற்றிக் கொடுக்க அவரையே அனுப்புங்கள்.